கண்ணை மூடாமல் மனம் அடங்குமா?

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன், வயது 43. ஐப்பசி பிறந்தாலே படபடப்பு வந்துவிடும். புயல், தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லாத ராத்திரிகள் என்று இரண்டு மாதம் ஓடி, மார்கழியில் வெளியே எல்லாம் அடங்கினாலும் எனக்குள் எதுவும் அடங்குவதில்லை. தியானம் செய்யக் கண்ணை மூடினால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறேன். இயற்கையோடு இருந்தால் சரியாகும் என்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் போக வசதியில்லை. இங்கேயே என்ன செய்யலாம்?

பதில்: முதலில், கண்ணை மூட வேண்டாம். இரண்டு மாதமாக வானத்தையும் வாசல் தண்ணீரையும் பார்த்துக் காவல் காத்த மனசு அது, திடீரென்று இருட்டில் உட்கார் என்றால் இன்னும்தான் மிரளும். இது உங்கள் குறை இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது, 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிசம்பர் வந்தால் இந்தக் கரையில் பலருக்கும் உடம்பே உஷாராகிவிடுகிறது, ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

குளிர்காலம் என்றால் எல்லாம் உறங்குகிற காலம் என்று படித்திருப்பீர்கள். அது பனி பொழிந்து மரங்கள் மொட்டையாக நிற்கிற நாடுகளின் கதை. நமக்கு மார்கழியில்தான் ஏரி நிறைந்து கிடக்கும், சம்பா கதிர் பிடிக்கும், எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். அதனால் நீங்கள் உள்ளே போய்த் தேட வேண்டியதில்லை, வெளியே பார்த்தாலே போதும்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கெடிலம் ஆற்றங்கரையோ, ஒரு பூவரச மரத்தடியோ, மொட்டை மாடியோ எதுவானாலும் சரி, ஆனால் தினமும் அதே இடம், அதே நேரம், இருபது நிமிடம். போன் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் காதுக்கு: பக்கத்தில் என்ன சத்தம், அதைத் தாண்டி என்ன, ஆகத் தூரத்தில் என்ன. மார்கழியில் விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும், அதோடு சண்டை போடாதீர்கள், அதையும் ஒரு சத்தமாக எண்ணிக்கொண்டு அதற்கு அடியில் கரிச்சான் கத்துகிறதா என்று கேளுங்கள். அப்புறம் கண்ணுக்கு: புல் நுனிப் பனித்துளி, ஒரு சிலந்தி வலை, ஏதாவது ஒன்றை மட்டும். மூச்சை எண்ணுகிற வேலை அதிகம் வேண்டாம், உள்ளே இழுக்கிற நேரத்தைவிட வெளியே விடுகிற நேரம் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும், மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது. கிளம்பும் முன் நேற்று இல்லாத ஒன்றைத் தேடி ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒரே இடம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். புது இடம் என்றால் மனசு வேடிக்கை பார்க்கும், பழகிய இடத்தில்தான் சின்ன மாற்றம் தெரியும், முருங்கை பூத்தது, வேம்பு இலை பழுத்தது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

இது ஏன் வேலை செய்கிறது? ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கணக்குப் பார்ப்பது, செய்தி படிப்பது, மழை வருமா என்று கவலைப்படுவது எல்லாம் நாம் இழுத்துப் பிடிக்கிற கவனம், அது களைத்துப்போகும். அலையோ இலை அசைவோ கவனத்தைத் தானாக, மெதுவாக ஈர்க்கும், அந்த நேரத்தில் களைத்த கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொன்னது அதிகம். அதனால்தான் நலம் வந்தது என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் தினம் இருபது நிமிடம் என்று நான் சொல்வது வாரத்தில் 140 ஆகிவிடுகிறது, பாருங்கள்.

மழை நாளில் ஜன்னலோரம் போதும். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் கொஞ்சம் தூரம் போய் வாருங்கள். குறிஞ்சிப்பாடி பக்கம் பெருமாள் ஏரி, புதுச்சேரிக்கு மேற்கே ஊசுடு ஏரி, இரண்டிலும் நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனால் துடுப்புப் படகில் போங்கள், மோட்டார் சத்தத்தில் காட்டின் அமைதி கிடைக்காது. அங்கே தில்லை மரத்தை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

கடலைப் பார்த்தாலே 2004 ஞாபகம் வருகிறதென்றால் வெள்ளிக் கடற்கரைக்குப் போயே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், ஏரியும் மரமும் போதும். போகிறவர்களும் மணலோடு நின்றுகொள்ளுங்கள், இந்த மாதங்களில் அலையின் இழுப்பு மோசம். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, இளைப்பு இருந்தால் பனி விலகிய பிறகு போங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மரத்தடியை மட்டும் நம்பியிருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். டிசம்பர் 21-தான் பகல் குறைவான நாள் என்றாலும், நம் ஊரில் சூரியன் ஆகத் தாமதமாக உதிப்பது ஜனவரி பிற்பாதியில், ஆறரை தாண்டி. அதனால் ஆறேகாலுக்கு உட்கார்ந்தால் இருட்டு வெளுப்பது முழுதும் உங்களுக்குக் கிடைக்கும். மரமும் புதருமாக இருக்கிற இடமென்றால் காலை ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்கலாம், அது குளிர்காலத்துக்கு இங்கே வருகிற ஆறுமணிக்குருவி. பறவை கண்ணில் படாவிட்டால் பரவாயில்லை, குரல் கேட்ட நேரத்தை நோட்டில் எழுதிவையுங்கள்.