மூன்றே நாளில் முழங்கால் வலியைப் போக்கிய பொடி: நிறுத்தலாமா, தொடரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. காசிமேட்டில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடையில் சுமந்து விற்கிறார். முழங்கால் வலிக்காக நான்கு மாதமாக ஒரு மூலிகைப் பொடி சாப்பிடுகிறார். எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் அறிமுகமானவர் கொடுப்பது. மூன்றே நாளில் வலி போய்விட்டது. ஆனால் இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. மக்களைத் தேடி மருத்துவத்தில் தரும் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். பொடி கொடுப்பவரைக் கேட்டால், 'உடம்பின் கழிவு வெளியேறுகிறது' என்கிறார். குளுகோசமைன், கொலாஜன் கலந்த டப்பா ஒன்றையும் வாங்கச் சொல்கிறார். இயற்கை மருந்துதானே, தொடரலாமா? இல்லை, உடனே நிறுத்திவிட வேண்டுமா? - ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தொடரக் கூடாது. ஆனால் இன்றைக்கே சட்டென்று நிறுத்தவும் கூடாது. நாளைக் காலை அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். மீதமுள்ள பொடியை அதன் பொட்டலத்தோடு எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "நான்கு மாதமாக ஒரு பொடி சாப்பிடுகிறார், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகம்."

எனக்கு ஏன் அந்தச் சந்தேகம்? நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கும் அந்த 'மூன்றே நாள்'தான் காரணம். வருடக்கணக்கில் சுமை தூக்கித் தேய்ந்த முழங்காலின் வலியை மூன்று நாளில் துடைத்தெடுக்கும் மூலிகை எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. நல்ல சித்த மருத்துவர் யாரைக் கேட்டாலும் வாரக்கணக்கில்தான் பேசுவார். மூன்று நாளில் அதைச் செய்யக்கூடியது டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு. கூடவே டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையையும் பொடித்துக் கலப்பது உண்டு. முக்கால் மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். இவ்வளவு சிறிய அளவு அரைத் தேக்கரண்டி பொடிக்குள் போனால் நிறமும் மாறாது, மணமும் மாறாது. விலையோ மிகக் குறைவு.

முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் ஸ்டீராய்டின் வேலைதான். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறதா, பசி அதிகமாகியிருக்கிறதா, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா, தரையிலிருந்து எழும்போது தொடையில் வலு இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அக்கம்பக்கத்தார், "அம்மா நன்றாகத் தேறிவிட்டார், முகத்தில் களை வந்துவிட்டது" என்று சொல்லியிருப்பார்களே? அது தேறுதல் இல்லை. பொடியைச் சோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் இத்தனை அறிகுறிகள் சேர்ந்து வந்த பிறகு சோதனை முடிவுக்காகக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. 'கழிவு வெளியேறுகிறது' என்ற பேச்சை இனி ஒரு நிமிடம்கூட நம்பாதீர்கள். மருந்து தீங்கு செய்கிறது என்று உடல் காட்டும் அடையாளத்தையே மருந்து வேலை செய்வதற்குச் சாட்சியாக மாற்றிவிடும் பேச்சு அது. அதைச் சொல்பவருக்கு உங்கள் அம்மாவின் உடலைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

இனி, நிறுத்துவது பற்றி. இந்த ஒரு விஷயத்தைச் சற்று நீட்டித்தான் சொல்லப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் சிறுநீரகங்களின் மேல் அட்ரினல் என்று இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டை அவை தினமும் சுரக்கின்றன. காய்ச்சல், அடிபடுதல், பட்டினி எது வந்தாலும் உடலைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் இந்தச் சுரப்பிகள் தங்கள் வேலையைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விடுகின்றன. நான்கு மாதமாகக் கடைச் சாப்பாடு வருகிறது என்று அடுப்பை அணைத்துவிட்ட வீட்டில் ஒரே நாளில் அந்தச் சாப்பாட்டை நிறுத்தினால் எல்லோரும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். உடலுக்குள்ளும் அதுவே நடக்கும். பொடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கு ஓரிரு நாளில் கடும் அசதி, தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி வரலாம். இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைப் பார்க்கிற வீட்டார், "பார்த்தாயா, பொடியை விட்டதும் உடம்பு படுத்துவிட்டது" என்று அதே ஆளிடம் ஓடிப்போய் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கி வருவார்கள். அவருக்கு வியாபாரம் நிலைப்பதே இப்படித்தான்.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும்வரை வழக்கமான வேளைப் பொடியை விட வேண்டாம், அளவைக் கூட்டவும் வேண்டாம். அதற்குப் பதிலாக அளவு தெரிந்த மாத்திரையை எழுதிக் கொடுத்து, அதை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், படிப்படியாக மருத்துவர் குறைப்பார். காலை எட்டு மணிக்கு எடுக்கும் கார்டிசால் இரத்தப் பரிசோதனை, சுரப்பிகள் விழித்துக்கொண்டனவா என்று காட்டும். இந்தக் காலத்தில் காய்ச்சலோ பேதியோ வந்தாலும், பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ போனாலும், ஸ்டீராய்டு சாப்பிட்ட கதையை அங்கே சொல்லியே ஆக வேண்டும். அதன் பிறகும் ஓராண்டுவரை சொல்லுங்கள். வாந்தி நிற்காமல் போனாலோ, பேச்சுக் குழறி அரைமயக்கமாக இருந்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

இன்னொன்று. சர்க்கரை ஏறியதால் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பொடி இறங்க இறங்கச் சர்க்கரையும் இறங்கும். கூட்டிய மாத்திரை அப்படியே இருந்தால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும்போதே அம்மா மயங்கி விழலாம். வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் இதைச் சொல்லி, அடிக்கடி சர்க்கரை பார்க்கச் செய்யுங்கள். கூட்டிய மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

அடுத்து அந்த முகாம். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இதே வித்தைதான் நடக்கிறது. ஓர் உலோகக் கம்பியைக் கையில் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் கணினி பக்கம் பக்கமாக அறிக்கை அச்சடிக்கும். கல்லீரல் இத்தனை சதவீதம், எலும்பு இத்தனை சதவீதம், மூட்டில் 'பசை' இவ்வளவு குறைவு என்று வண்ண வண்ணமாக இருக்கும். இரத்தம் எடுக்காமல், படம் எடுக்காமல் அந்தக் கருவி இவற்றில் ஒன்றையும் அளக்க முடியாது. அது அச்சடிப்பது பொய். அறிக்கையை விளக்கும் வெள்ளைக் கோட்டுக்காரர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், கமிஷனுக்கு வேலை செய்பவர். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே இன்னொருவர். சுயஉதவிக் குழுவில் பழகிய அக்காவையே விற்பனையாளராக்கி, அவர் முகத்துக்காக நீங்கள் மறுக்க முடியாமல் செய்வார்கள். இலவச முகாமிலிருந்து கையில் பொட்டலத்தோடு யாராவது திரும்பி வந்தால் அது இலவசமும் இல்லை, முகாமும் இல்லை.

அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். உரிமம் பெற்ற சித்த மருந்து என்றால் 'சித்த மருந்து' என்று எழுதியிருக்க வேண்டும். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எந்தச் சரக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத எந்தப் பொடியையும் இனிப் புதிதாகத் தொடங்காதீர்கள். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் சட்டப்படி அது உணவு. மூட்டுவலியைத் தீர்க்கும் என்று சொல்லி அதை விற்க எவருக்கும் உரிமை கிடையாது. சர்க்கரை நோயையும் வாத நோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 54 நோய்களின் பட்டியலே அதில் இருக்கிறது.

சட்டம் இருந்து என்ன? கேட்பாரில்லை. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்து விளம்பரத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்று 2018இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2024 ஜூலையில் அதை நீக்கி அறிவித்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. 2025இல் வழக்கு முடிந்தபோது நீதிமன்றத்தின் அந்தத் தடையும் விலகி, முன்அனுமதி விதி இல்லாமல் போனது. மேலே நிலைமை இது. கீழே வந்தால், புகார் கொடுக்கப் போகிறவரை மூன்று வாசல்களுக்கு அலையவிடுகிறார்கள். ஸ்டீராய்டு இருந்தால் அது ஆங்கில மருந்து, எங்களுடையது இல்லை என்பார் ஒருவர். மூலிகைப் பொடி என்றால் எங்களுடையது இல்லை என்பார் அடுத்தவர். மருந்தாக விற்றால் உணவுச் சட்டத்துக்குள் வராது என்பார் மூன்றாமவர். ரசீது இல்லாத, முகவரி இல்லாத பொடியை விற்றவர் அதற்குள் அடுத்த மண்டபத்துக்குப் போயிருப்பார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத டெக்சாமெத்தசோன் இந்த ஆட்களுக்கு எந்தக் கிடங்கிலிருந்து மொத்தமாகப் போகிறது? இந்தக் கேள்வியை யார் கேட்க வேண்டுமோ அவர்கள் கேட்பதில்லை. நோட்டில் 'நாட்டு மருந்து சாப்பிட்டார்' என்று ஒரு வரி எழுதி, என்ன மருந்து, யார் கொடுத்தது என்று விசாரிக்காமல் கடந்துபோகும் எங்கள் மருத்துவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

இருந்தாலும் நீங்கள் புகார் செய்யுங்கள். மருந்தால் ஏற்படும் தீங்கைத் தெரிவிக்க 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பொடியில் ஒரு பகுதியை ஈரம்படாமல் தனியாக எடுத்து வையுங்கள். அதைக் கொடுத்தவருடைய செல்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள்.

டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் தேய்மானத்துக்குக் குளுகோசமைன் பலன் தருகிறதா என்று அமெரிக்காவில் 1583 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குளுகோசமைன் சாப்பிட்டவர்களுக்கு ஒட்டுமொத்தமாகக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. கொலாஜன் என்பது ஒரு புரதம். வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப்போலச் செரித்துவிடும். அம்மா விற்கும் மீனிலேயே நல்ல புரதம் இருக்கிறது. டப்பாவுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெயரை வைத்துப் பிழைப்பவர்களைத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இருந்தால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனையில் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். வெளியே பூசும் தைலம், ஒற்றடம் போன்றவற்றை அவர்கள் சொன்னபடி செய்யலாம். ஸ்டீராய்டைக் குறைத்து முடிக்கும்வரை வேறு எந்தப் பொடியும் கசாயமும் உள்ளே போக வேண்டாம். பூங்கா நகர் நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, மிளகு, கடுக்காய் வாங்குங்கள், தவறில்லை. 'மூட்டுவலிப் பொடி', 'சர்க்கரைப் பொடி' என்று யாரோ அரைத்துப் பொட்டலம் கட்டியதை மட்டும் வாங்காதீர்கள். சர்க்கரைப் பொடியில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கிலச் சர்க்கரை மாத்திரை கலந்திருப்பதும், எடைக் குறைப்பு மருந்துகளில் 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ராமின் இருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டவைதான். 'வெறும் பச்சிலை' என்பதும் பாதுகாப்புக்கு உறுதி அல்ல. ஆடுதின்னாப்பாளை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீந்திலும் அமுக்கராவும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்த செய்திகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன.

பொடி குறையும்போது வலி திரும்பி வரும். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மீண்டும் அந்த ஆளைத் தேடுவார். அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவில் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைக் கட்டணமில்லாமல் கற்றுத் தருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சில நொடி நிறுத்தி, மெல்ல இறக்கும் எளிய பயிற்சிதான். சில வாரங்கள் விடாமல் செய்தால் வலி குறையும். கூடையைத் தலையிலிருந்து இறக்கித் தள்ளுவண்டிக்கு மாற முடியுமா என்றும் யோசியுங்கள். அந்த முழங்காலுக்கு எந்தப் பொடியையும்விட அது அதிக உதவி செய்யும்.

உங்கள் தெருவில் வேறு பெண்களும் இதே பொடியை வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். ஆனால் "அது விஷம், தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். பயத்தில் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கும். எத்தனை வாரமாகச் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் என்றால், பொட்டலத்தோடு உங்கள் அம்மாவுடனேயே அவர்களையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.