ஒளித்துக் கேட்கும் பாட்டு

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தினமும் கோவைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அங்கே எனக்கு அமைந்த நண்பர்கள் எல்லாரும் சினிமாவுக்கு வெளியே வரும் சுயாதீன இசை கேட்பவர்கள். அவியல், தைக்கூடம் பிரிட்ஜ், காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதலிய குழுக்கள் எல்லாம் அவர்கள் மூலம்தான் எனக்குத் தெரியும். மனசாரப் பிடித்திருக்கிறது. ஆனால் அனிருத் பாட்டுகளும் எனக்குப் பிடிக்கும். அதை மட்டும் அவர்களிடம் சொல்ல வாய் வருவதில்லை. ஒருநாள் காரில் என் போனை இணைத்தபோது அப்படி ஒரு பாட்டு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ‘தங்கச்சி ஏத்தி வச்சது, அவ கேக்கறதெல்லாம் குப்பை’ என்று சொல்லிச் சமாளித்தேன். என் ரசனை இன்னும் வளரவில்லையா? வளர்த்துக்கொள்ள யாரையெல்லாம் கேட்க வேண்டும்? செயலிகள் தள்ளிவிடுவதையே கேட்டு நம் காது கெட்டுப்போய்விட்டதா?

(பெயர் வேண்டாம்)
கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். செயலி வருவதற்கு முன்பும் டீக்கடையும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரும் நம்மைக் கேட்டுக்கொண்டா பாட்டுப் போட்டன? பட்டியலும் தரப்போவதில்லை. உங்கள் நண்பர்களிடம் நல்ல பட்டியல் இருக்கிறது.

உங்கள் தங்கச்சியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பாட்டு உங்களுக்குப் பிடித்தது. இருந்தது உங்கள் போனில். நாலு பேர் சிரித்ததும் அதைத் தூக்கி, அங்கே இல்லாத ஒரு பெண்ணின் தலையில் போட்டுவிட்டீர்கள். அதோடு ‘குப்பை’ என்று ஒரு சொல் வேறு. ரசனை வளர்ந்ததா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். இது நன்றாக இல்லை தம்பி. நானும் இதைச் செய்தவன் என்பதால்தான் இத்தனை கோபம் வருகிறது.

என் தாய்மாமா பொள்ளாச்சி - பாலக்காடு தடத்தில் தனியார் பேருந்து ஓட்டினார். கோபாலபுரம், வண்ணாமடை, கொழிஞ்சாம்பாறை, எலப்புள்ளி என்று நீங்கள் அறிந்த வழிதான். பேட்டாக் காசை மிச்சம் பிடித்து, பொள்ளாச்சி ரெக்கார்டிங் கடையில் பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொடுத்துக் கேசட் பதிந்து வாங்குவார். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டுத்தான் பிடிக்கும். அந்த ஆறு பாட்டை முடிவுசெய்ய இரண்டு நாள் யோசிப்பார்.

முதல் ட்ரிப்பில் மூன்று மதத்துக்கும் ஒவ்வொரு பக்திப் பாட்டு. எட்டு மணிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் ஏறுவார்கள், அவர்களுக்குப் புதுப்படம். பதினொரு மணி வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், சத்தத்தைப் பாதியாகக் குறைப்பார். சாயங்காலம் களையெடுத்துத் திரும்பும் பெண்கள் ஏறினால் பழைய பாட்டு. கோபாலபுரத்தில் கேரளம் தொடங்கிவிட்டாலும் கொழிஞ்சாம்பாறை வரை கேசட் மாறாது. அங்கே ஏறுகிறவர்கள் தமிழ் பேசும் நம் ஜனங்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் யேசுதாஸின் மலையாளம். எலப்புள்ளி நெருங்கும்போது மட்டும் எந்த நேரமானாலும் எம்.எஸ். விஸ்வநாதன். அவர் 1928இல் பிறந்த ஊர் அது. ‘ஊரைத் தாண்டறப்ப அவரு பாட்டு இல்லாமப் போகக் கூடாது கண்ணு’ என்பார் மாமா.

1991இல் நான் பாலக்காட்டில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் கொச்சியின் ராக் குழுவான தேர்ட்டீன் ஏடியைக் கேட்டேன். நம் பக்கத்து ஆட்கள் ஆங்கிலத்தில் சொந்தமாகப் பாட்டுக்கட்டிப் பாடுகிறார்கள் என்பதே பெரிய அதிசயம். அந்தக் கித்தாரைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பரவசம் முழுக்க உண்மை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் தவறு.

ஒரு சனிக்கிழமை, பாலக்காட்டில் நண்பர்கள் இரண்டு பேரோடு மாமாவின் வண்டியில் ஏறினேன். என்னைக் கண்டதும் கேசட்டை மாற்றினார். சின்ன வயதில் நான் திரும்பத் திரும்பப் போடச் சொன்ன பாட்டு அது. நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ‘இதெல்லாம் ஒரு பாட்டா மாமா? நிறுத்துங்க’ என்றேன், அவர்கள் காதில் விழும்படி. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கேசட்டை எடுத்து டாஷ்போர்டில் வைத்தார். எலப்புள்ளியைப் பாட்டில்லாமல் தாண்டினோம். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ‘ஏனுங் டிரைவரே, இன்னைக்குப் பாட்டு இல்லீங்ளா?’ என்று கேட்டார்.

‘டேப்பு ரிப்பேருங்க’ என்றார் மாமா.

அவர் நினைத்திருந்தால் என்னைக் கைகாட்டியிருக்கலாம்.

மாமாவுக்கு ஒரு ராகத்தின் பெயரும் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டு எந்த நேரத்தில், யார் களைப்பில் போய் உட்காரும் என்று தெரிந்திருந்தது. அதையும் இசையறிவு என்றே சொல்வேன். பல நூறு கேசட் கேட்டு, ஐம்பது பேரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட எனக்கு அது கிடையாது. நான் கேட்டது உயர்ந்த பாட்டாகவே இருக்கட்டும், அவரைவிட நான் உயர்ந்த ரசிகன் என்று அதனால் ஆகிவிடாது. பாட்டின் உயரத்தைக் கேட்பவன் தன் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் இந்த ஏளனத்தின் வேர். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இதை அரசாங்கமே செய்து பார்த்திருக்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரமில்லாதது என்று அகில இந்திய வானொலியில் ஒதுக்கிவைத்தார். சாஸ்திரிய இசைக்கு அவர் கொடுத்த இடம் பெரிது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். 1957இல் சினிமாப் பாட்டுப் போடும் விவித பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள். சுயாதீன இசையை இண்டி என்கிறார்களே, அது ராகமா, தாளமா? பாட்டுக்கு யார் பணம் போட்டார், உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அது. எல்லாப் பாட்டையும் சினிமாவே விழுங்கும் நம் ஊரில், வெளியே நின்று சொந்தக் காசில் பாட்டுப் போடுகிறவர்களுக்கு டிக்கெட் வாங்கிப் போய்க் கைதட்டுவது நம் கடமை. காது அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. அவியலின் ரெக்ஸ் விஜயன் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தார். தைக்கூடம் பிரிட்ஜின் கோவிந்த் வசந்தா 2018இல் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போட்ட பாட்டுகளைத் தமிழ்நாடே பாடியது. வெள்ளிக்கிழமைவரை நல்லவராக இருந்தவர் படம் வந்ததும் கெட்டுவிட்டாரா?

எல்லாப் பாட்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. சோம்பேறித்தனமான பாட்டு உண்டு. பெண்ணை இழிவுபடுத்தும் வரிகள் உண்டு. முழுக்கக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அது விமர்சனம்.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு காவில், அதாவது பகவதி கோயிலில், தோல்பாவைக்கூத்து பார்க்கப் போயிருந்தேன். கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள், கம்பன் பாட்டு மலையாள வாயில் புரண்டு வருகிறது. எதிரே மணலில் என்னைத் தவிர ஆள் இல்லை. அவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் இராவண வதத்தைக் காணாமல் போன பத்ரகாளிக்காக அல்லவா ஆடுகிறார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதே நேரம் மைதானத்தில் கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரி, பெருங்கூட்டம், சினிமாப் பாட்டு. விளக்குக்கு எண்ணெய் விட வந்த பெரியவர் அந்தப் பாட்டுக்கு உதடசைத்துக்கொண்டே எண்ணெய் விட்டார். பிறகு உட்கார்ந்து கம்பனை எடுத்தார். குரலில் ஒரு பிசிறில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, நான் ஏறினால் மாமா டேப்பைத் தொடமாட்டார். ‘போடுங்க மாமா’ என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் கோபாலபுரம் வரை வாயில் வைத்திருப்பேன், சொல்லாமல் இறங்குவேன். 2009இல் அவர் போய்விட்டார்.

இன்று வீட்டுக்குப் போனதும் காரில் நடந்ததைத் தங்கச்சியிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் இப்போது எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று விசாரித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானும் கேட்கிறேன்.