தொழில்நுட்ப இடைநிலைப்பள்ளியும் தொழிற்கல்லூரியும் ஒன்றுதானா?

மலேசியாவில் மூன்றாம் படிவம் முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் வரும் கேள்வி இது. இரண்டும் வேறு வேறு.

கோலாலம்பூர் செராஸில் இருப்பதுபோன்ற தொழில்நுட்ப இடைநிலைப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவம் படித்து, எல்லாரையும்போல எஸ்பிஎம் என்னும் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வை எழுதுவார்கள். கணிதம், இயற்பியலோடு பொறியியல் வரைபடமும், இயந்திரம், மின்சாரம், கட்டுமானம் போன்ற துறைப் பாடமும் சேரும். நோக்கம் மேற்படிப்பு. செத்தாப்பாக் அல்லது பினாங்கு பத்து லஞ்சாங் தொழிற்கல்லூரியில் எஸ்பிஎம்முக்குப் பதில் எஸ்விஎம் என்னும் தொழிற்கல்விச் சான்றிதழ். தொடர்ந்தால் மொத்தம் நான்கு ஆண்டுகளில் டிவிஎம் என்னும் தொழிற்கல்வி டிப்ளோமா. 2012-இல் தொடங்கிய மாற்றத்தில் பழைய தொழிற்பள்ளிகள்தாம் இப்படிக் கல்லூரிகளாயின.

ஏன் இரண்டு வழி? மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுவதைப் பாருங்கள். மாவு ஏன் கிழியாமல் இழுபடுகிறது என்று அறிவது ஒரு படிப்பு. கை பழகும்வரை வீசுவது இன்னொன்று. முன்னது தொழில்நுட்பப் பள்ளியின் வழி, பின்னது தொழிற்கல்லூரியின் வழி. அதனால்தான் தொழிற்கல்லூரி மாணவர்களின் பொழுதில் பெரும்பகுதி பட்டறையில் போகிறது. முடிவில் நிறுவனப் பயிற்சியும் உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அரசு வேலைக்கு எஸ்விஎம்மை எஸ்பிஎம்முக்கு நிகராக ஏற்க, மற்ற மதிப்பெண் நிபந்தனைகளோடு மலாய்மொழி 1104 தாளில் கிரெடிட்டும் (வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம்) சரித்திரம் 1251-இல் தேர்ச்சியும் வேண்டும். பட்டறை ஆர்வத்தில் இவற்றை விட்டுவிடாதீர்கள்.

“தொழிற்கல்லூரிக்குப் போனால் பல்கலைக்கழகம் கிடையாது” என்பது தவறு. டிவிஎம் முடித்தவர்கள் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.