கிளாஸ்கோவுக்குப் பையனைக் கூட்டி வரலாமா?

குடியாத்தத்துத் தங்கச்சி, உன் கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அங்கே கத்திக்குத்து அதிகமாமே, பதிமூன்று வயதுப் பையனை நம்பிக் கூட்டி வரலாமா?

கூட்டி வாம்மா. இதையே நான் காட்பாடியிலிருந்து வந்து இறங்கிய 2004-ல் கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்று அப்போது இந்த ஊருக்குப் பெயர். சனிக்கிழமை நைட் டியூட்டி என்றாலே வயிற்றைக் கலக்கும். வாய் ஓரத்திலிருந்து காதுவரை கிழிபட்ட முகத்தோடு வருவான்கள், பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். யார் வெட்டியது என்று கேட்டால் வாயே திறக்க மாட்டான்கள். தையல் போட்டு அனுப்புவோம். அடுத்த மாதம் அவனே திரும்பி வருவான், இல்லையென்றால் அவன் கையால் வெட்டுப்பட்டவன் வருவான். 2004-05-ல் ஸ்காட்லாந்து முழுக்க 137 கொலைகள். 2022-23-ல் அது 52.

நடுவில் என்ன நடந்தது என்பது குடியாத்தத்துக்காரிக்குச் சட்டென்று புரியும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார். கரிகிரி குஷ்டரோக ஆஸ்பத்திரி ஆட்கள் ஒரு காலத்தில் உங்கள் தாலுகாவில் ஊர் ஊராகப் போய், உடம்பில் தேமல் இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குஷ்டம் வந்தவனை ஊரைவிட்டு விரட்டினால் நோய் போகாது, தேடிப் பிடித்து மருந்து கொடுத்தால்தான் போகும் என்பது அவர்கள் கணக்கு. 2005-ல் இங்கத்திய போலீஸ் வன்முறைக் குறைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கி அதே கணக்கைக் கத்திக்கும் போட்டது. வன்முறையும் நோய் மாதிரித் தொற்றிக்கொள்ளும், அது யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தெருவில், எந்த வயதில் என்று தேடு. அதைத் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவரான கேரின் மெக்ளஸ்கி முன்பு நர்ஸாக இருந்தவர். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

2008-ல் கும்பல் பையன்களைக் கோர்ட்டுக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். தண்டனை கொடுக்க இல்லை. உங்களை எங்களுக்குத் தெரியும் என்று போலீஸ் சொன்னது. காயத்தைத் தைக்கிற டாக்டர் பேசினார். வெட்டுப்பட்ட பிள்ளையின் அம்மா பேசினார். கடைசியில் ஒரு போன் நம்பர்: விட்டுவிட நினைத்தால் கூப்பிடு, படிப்புக்கும் வேலைக்கும் வழி செய்கிறோம். பிறகு வெட்டுப்பட்டு வருகிறவனிடம் பேசி இதிலிருந்து வெளியே கொண்டுவர, கேஷுவாலிட்டியிலேயே தனி ஆட்கள் வந்தார்கள். வலியோடு படுத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவன் காது கொடுப்பான் என்பது நமக்குத் தெரியாதா என்ன.

இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கத்தியோடு வெளியே பிடிபட்டால் ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். குடி இங்கே பெரிய சாபம். 2018-லிருந்து சாராயத்தை ஓர் அளவுக்குக் கீழே மலிவாக விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் ஊர் டாஸ்மாக் வாசலை நினைத்துக்கொள்வேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் பெரியவனுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது டிபன் பாக்ஸ் எடுக்க அவன் பையைத் திறந்தேன். உள்ளே நான் வெங்காயம் நறுக்கும் கத்தி. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் அவன் பேச்சையும் சாப்பாட்டையும் கிண்டல் செய்து, ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் பார்க்கச் சட்டையைக் கிழித்திருக்கிறார்கள். யாரையும் குத்த எடுத்துப் போகவில்லை, பயத்தில் எடுத்துப் போயிருக்கிறான். பார்த்ததும் ஓர் அறை விட்டேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். நாலு பேர் ஏற்கெனவே அவமானப்படுத்தி அனுப்பிய பிள்ளையை நானும் அடித்தேன். (2020 நவம்பர் 7-லிருந்து இங்கே பெற்றவர்கள் பிள்ளையை அடிப்பதும் குற்றம். ‘அடியாத மாடு படியாது’ கதையை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிடு.)

வார்டில் பார்த்த கதைகளை நோண்டினால் பாதிக்கு மேல் பயமும் அவமானமும்தான். நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலையில் நடந்ததும் திருநீற்றை அழி, தாடியை எடு, இந்தத் தலைப்பாகையைப் போடு என்று சிப்பாய்களைச் சீண்டியதில் பற்றியதுதானே? அந்தப் புரட்சியையும் தெருச் சண்டையையும் ஒன்றாக்கவில்லை. அவமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சொல்கிறேன்.

நீ கேட்காத ஒன்று. உன் விசாவில் உன் வீட்டுக்காரரும் வருவார். அங்கே அவருக்கென்று ஒரு மரியாதை இருந்திருக்கும். இங்கே அவர் படிப்பை முதல் வருடம் யாரும் மதிக்க மாட்டார்கள். நீ சம்பாதிப்பாய், அவர் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரிந்த மூன்று நம்மூர் வீடுகளில் அடிதடி இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டில் பாட்டில் இருந்தது, ஒன்றில் அதுகூட இல்லை. அவருக்குக் கிடங்கு வேலையோ டிரைவர் வேலையோ, வருவதற்கு முன்பே பேசி மனதைத் தயார் செய். அப்படியும் கை நீண்டால் மறைக்காதே. கை நீளாமலே பணத்தையும் போனையும் பிடுங்கி மிரட்டி அடக்கி வைப்பதுகூட 2019-லிருந்து இங்கே குற்றம். அவசர எண் 999-ஐக் கூப்பிட்டால் உன் மானம் போகாது.

பையன் வந்ததும் ஜெர்சி கேட்பான். பச்சை செல்டிக்குக்கு, நீலம் ரேஞ்சர்ஸுக்கு; இரண்டும் இந்த ஊரின் ஜென்மப் பகை ஃபுட்பால் அணிகள். மேட்ச் நாளில் இரண்டில் எதையும் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டாம். சிஎஸ்கே மஞ்சள் ஒன்று பெட்டியில் எடுத்து வா, அதை யாரும் சீண்ட மாட்டார்கள்.