ஹாஸ்டலை மூடச் சொல்லிட்டாங்க, இனி என்ன?

கேள்வி: அய்யா, நானும் மனைவியும் திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்து எட்டு வருஷமா ஆந்திராவுல குப்பம் பக்கம் ஒரு கிராமத்துல மிஷனரியா இருக்கோம். பசங்களுக்கு ஒரு சின்ன ஹாஸ்டல் நடத்துறோம். இப்போ பிள்ளைங்க வரத்து குறைஞ்சு போச்சு. பாதிப் பேரு தங்கிப் படிக்கிற அரசு குருகுலத்துக்குப் போயிட்டாங்க, மீதிப் பேரோட அப்பா அம்மா வேலை தேடி குடும்பத்தோட பெங்களூருக்குப் போயிட்டாங்க. ஜூன்ல ஹாஸ்டலை மூடிட்டு புங்கனூர் தாண்டி வேற ஊருக்குப் போகச் சொல்லி மிஷன் ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல ஒரு வரி வந்துச்சு. அங்க தெலுங்குதான், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செஞ்சதெல்லாம் வீணாப் போச்சோன்னு இருக்கு. எல்லாம் இப்படி மாறிக்கிட்டே இருந்தா நம்பிக்கையோட எப்படி ஊழியம் செய்யறது?
– பெயர் வேண்டாம், குப்பம் வட்டாரம்

பதில்: தம்பி, உங்க கடிதத்தைச் சுருக்கித்தான் மேல போட்டிருக்கேன். சுருக்குறப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அதைச் சொல்லாம விட முடியலை. ஷீட் கூரை எப்போ மாத்துனது, போர்வெல் யாரு காசுல போட்டது, ஸ்டீல் தட்டு எந்தச் சபை வாங்கிக் குடுத்தது, எல்லாம் நாலு பக்கத்துல விவரமா எழுதியிருக்கீங்க. அங்க தங்கிப் படிச்ச ஒரு பிள்ளையோட பேரு கூட இல்லை, அவங்க இப்போ என்ன பண்றாங்கன்னும் ஒரு வார்த்தை இல்லை. மனசு நோகணும்னு சொல்லலை தம்பி. நீங்க எதை இழந்துட்டதா நினைச்சு அழுறீங்கன்னு முதல்ல உங்களுக்குத் தெரியணும். பிள்ளைங்க படிக்கணும்னுதானே ஹாஸ்டல் ஆரம்பிச்சீங்க? படிக்கிறாங்க. குருகுலத்துல சோறு போட்டு, புஸ்தகம் குடுத்து, தங்க வெச்சுப் படிக்க வைக்கிறாங்க. இதை எப்படி வீண்னு சொல்றீங்க?

புங்கனூர்ல இருந்து மதனப்பள்ளி பக்கம்தான், தக்காளி மார்க்கெட்டுக்குப் போற வண்டி எத்தனையோ இருக்கு. அங்க போனா ஆரோக்கியவரத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. 1915ல பல மிஷன்கள் ஒண்ணா சேர்ந்து டிபிகாரங்களுக்குன்னே நடத்துன சானடோரியம் அது, கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர்னு ஒரு டென்மார்க் டாக்டர் தலைமையில வளர்ந்துச்சு. அப்போ டிபிக்கு மருந்து கிடையாது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, மாசக்கணக்குல படுக்கை, அதுதான் வைத்தியம், அதனால ஒவ்வொரு கட்டிலுக்கும் காசு திரட்டுறதே பெரிய ஊழியமா இருந்துச்சு. அப்புறம் ஸ்ட்ரெப்டோமைசின் வந்துச்சு, ஐசோனியாசிட் வந்துச்சு. 1956ல சென்னையில ஒரு ஆய்வு ஆரம்பிச்சு, டிபிகாரங்கள்ல கொஞ்சப் பேரை சானடோரியத்துல படுக்க வெச்சும், மத்தவங்களை அவங்கவங்க வீட்டுலயே விட்டும், ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாத்திரையை ஒரு வருஷம் குடுத்துப் பாத்தாங்க. 1959ல முடிவு வந்துச்சு. இடுக்கமான வீட்டுல, கிடைச்சதைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்களும் சானடோரியத்துல இருந்தவங்க அளவுக்கே குணமானாங்க. அதுக்கப்புறம் உலகம் முழுக்க சானடோரியக் கட்டில்கள் காலியாக ஆரம்பிச்சுது.

இப்போ அங்க வேலை பார்த்தவங்க இடத்துல நின்னு பாருங்க, நாப்பது வருஷத்துக்கும் மேல கட்டிக் காத்த கட்டில் இனிமே வேண்டாம். அடுத்து நோயாளி இடத்துல நின்னு பாருங்க, கைக்குழந்தையை மாமியார்கிட்ட விட்டுட்டு வந்து மாசக்கணக்குல படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டுலயே மாத்திரை. எந்த இடத்துல நிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்து அதே செய்தி துக்கமாவும் தெரியும் சந்தோஷமாவும் தெரியும். மிஷனரி நிக்க வேண்டிய இடம் நோயாளி பக்கம். சென்னை ஆய்வுக்கு முன்னாடியே, 1950ல இருந்தே மதனப்பள்ளி சுத்துவட்டாரத்துல டிபி வராம தடுக்குற பிசிஜி தடுப்பூசி ஆய்வு நடத்துனது இந்த சானடோரியத்துக்காரங்கதான், அதாவது தங்களோட கட்டில் காலியாகுறதுக்கு அவங்களே பாடுபட்டிருக்காங்க. ஆரோக்கியவரமும் அழிஞ்சு போகலை, பொது ஆஸ்பத்திரியா மாறி இன்னிக்கும் நடக்குது.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்குன ஐடா ஸ்கடர் அம்மா கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால சுருக்கமா சொல்றேன். 1918ல பெண்களுக்குன்னு அவங்க ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளியில குடுத்த படிப்பு இனிமே செல்லாது, எம்பிபிஎஸ்தான் வேணும்னு அரசாங்கம் சொன்னப்போ அவங்களுக்கு 70 வயசு நெருங்கிடுச்சு. பெண்கள் கல்லூரிக்குன்னே காசு அனுப்புன அமெரிக்க அம்மாக்கள் சிலர் எதிர்த்தும், கல்லூரி நிலைக்கணும்னு ஆண்களையும் சேர்க்க சம்மதிச்சு 1947ல சேர்த்தாங்க.

சரி, இப்போ உங்க கடிதத்தோட மூணாவது பக்கத்துக்கு வர்றேன். அங்க போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. சாயங்காலமானா கிழவிங்க மாத்திரை அட்டையோட வந்து, எது காலையில எது ராத்திரின்னு கேக்குறாங்க, அதுலயே நேரம் போயிடுது, ஊழியம் பண்ண முடியலைன்னு. தம்பி, அந்த வரியைத் திரும்ப எடுத்துப் படிங்க! அந்தக் கிழவிங்க பெத்த பிள்ளைங்க எல்லாம் பெங்களூர் ரயில் ஏறிட்டாங்க, அட்டையில இருக்கிற இங்கிலீஷ் படிக்க வீட்டுல ஆள் இல்லை. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பாக்க ஒரே மாதிரி இருக்கு, மாத்திப் போட்டா மயங்கி விழுந்துடுவோமோன்னு பயத்துல முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு உங்க திண்ணைக்கு வர்றாங்க. ஊரே நம்பி வர்ற இடமா உங்க வீடு ஆயிருக்கு. எட்டு வருஷம் என்ன நடந்துச்சுங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

பைபிள்ல அப்போஸ்தலர் 16ஐ எடுத்துப் பாருங்க. பவுல் பித்தினியாவுக்குப் போகப் பாத்தாரு, ஆவியானவர் விடலை. துரோவாவுல ராத்திரி தரிசனத்துல ஒரு மக்கெதோனியா ஆம்பளை வந்து எங்களுக்கு உதவி செய்யுங்கன்னு கூப்பிடுறான். கடல் தாண்டி பிலிப்பிக்குப் போனா ஓய்வுநாள்ல ஆத்தங்கரையில கூடியிருந்தது பெண்கள். தரிசனத்துல பாத்த ஆளு எங்கன்னு பவுல் தேடிக்கிட்டு அலையலை, உக்காந்து அந்தப் பெண்களோட பேசினாரு, அங்க லீதியாள் கிடைச்சா, பிலிப்பி சபை அவ வீட்டுல இருந்துதான் தொடங்குச்சு. நீங்க ஹாஸ்டல் பசங்களைத் தேடிக்கிட்டு இருக்கீங்க, வாசல்ல பாட்டிங்க வந்து நிக்கிறாங்க.

உங்க ஆபீஸ் மேல எனக்குக் கோபம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எட்டு வருஷம் ஒரு ஊர்ல இருந்த குடும்பத்தை ஒரு வரி மெசேஜ்ல இடம் மாத்துறது சரியில்லை. யாராவது ஒருத்தர் நேர்ல வந்து ரெண்டு நாள் உங்களோட தங்கி, ஊரைப் பாத்து, உங்க பேச்சைக் கேட்டிருக்கணும். மாத்தம் வேணும்னா மாத்துங்க, ஆனா மனுஷனை மனுஷனா நடத்துங்கன்னு இதைப் படிக்கிற எல்லா மிஷன் பொறுப்பாளர்களுக்கும் சேர்த்தே சொல்றேன். காசு அனுப்புற சபைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷா வருஷம் பிள்ளைங்க வரிசையா நிக்கிற போட்டோ வந்தாத்தான் காணிக்கைன்னு வெச்சிருந்தா, மிஷனரி மாறணும்னு நினைச்சாலும் மாற முடியாது, கட்டடத்தைத்தான் காப்பாத்திக்கிட்டு இருப்பாரு.

ஆனா தெலுங்கு விஷயத்துல நான் உங்க பக்கம் பேச மாட்டேன். குப்பத்துல எல்லாரும் தமிழ் பேசுவாங்கன்னு சொல்லியே எட்டு வருஷம் ஓட்டிட்டீங்க, அங்க வளர்ற பிள்ளைங்க ஸ்கூல்ல தெலுங்குதானே படிச்சாங்க. அந்தக் கால திருநெல்வேலி ஜில்லாவுல பொறந்த அசரியா, 1903ல இந்திய மிஷனரி சங்கம் தொடங்குனவங்கள்ல ஒருத்தர், 1909ல தெலுங்கு பேசுற தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோட போனப்போ அவருக்கும் முப்பது தாண்டியாச்சு. தெலுங்கு கத்துக்கிட்டாரு, அந்த மக்களோடயே ஆயுசு முழுக்க இருந்தாரு. ஜூன் வரைக்கும் நாள் இருக்கு, அந்த ஊர் அஞ்சாங்கிளாஸ் பிள்ளை ஒருத்தனையே வாத்தியாரா வெச்சுக்கோங்க, அவனுக்கும் பெருமையா இருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. பத்தாவது முடிச்சுட்டு வீட்டுல இருக்கிற பொண்ணு யாராவது அந்த ஊர்ல கட்டாயம் இருப்பா. சாயங்காலம் உங்க திண்ணையில பக்கத்துல உக்கார வெச்சு, டாக்டர் சீட்டுல எப்படி எழுதியிருக்கும், அட்டையை எப்படிப் பாக்கணும், சந்தேகம்னா ஊர்ல சுகாதார வேலை பாக்குற ஆஷா அக்காகிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. புது ஊருக்குப் போனதும் ஹாஸ்டல் போர்டு எதுவும் மாட்டாதீங்க, கொஞ்ச மாசம் ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, அதுக்கப்புறம் என்ன வேலைன்னு முடிவு பண்ணலாம்.

கடைசிப் பக்கத்துல மனைவிக்கு இதுல விருப்பமில்லைன்னு மட்டும் எழுதி நிறுத்திட்டீங்க. எதுல விருப்பமில்லை? ஊரை விடுறதுலயா, புது ஊருக்குப் போறதுலயா, இல்ல உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்கிறதுலயா? மூணும் வேற வேற. எட்டு வருஷம் அந்தப் பசங்களுக்குப் பொங்கிப் போட்டவங்க அவங்கதானே, பேரெல்லாம் அவங்களுக்குத் தெரியும். அடுத்த கடிதத்தை அவங்களையே எழுதச் சொல்லுங்க.