குட்டி நாய், பெரிய சந்தேகங்கள்: கேள்வி பதில்

வீட்டுக்குப் புதிதாகச் சிறு இன நாய்க்குட்டி வந்திருப்பவர்கள் கேட்கலாம், முன்னால் உங்கள் ஏரியா பெயரைப் போடுங்கள். கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தவள் நான். சென்னை பெரம்பூர் வீட்டில் ஸ்பிட்ஸ், பக், டாஷண்ட் எல்லாம் வளர்த்திருக்கிறேன். மருத்துவர் அல்ல. என்ன மாத்திரை, எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது.

வியாசர்பாடி: அக்கா, ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஷிட்சு குட்டி, இரண்டு மாதம். வீடு முழுக்க மூத்திரம். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கச் சொல்கிறார் அத்தை.

அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம். நீங்கள் பார்க்கும்போது போனால் அடி விழும் என்பதுதான் குட்டிக்குப் புரியும். நாளைக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டு வரும்.

இந்த வயதில் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கத் தெரியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், குதித்து விளையாடி ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூம் வாசலில் விரித்த செய்தித்தாளில் விடுங்கள். தரையை மோந்தபடி வட்டமடிக்கிறதா? சில நொடிதான் இருக்கிறது, ஓடுங்கள். முடித்ததும் அங்கேயே, அந்தக் கணமே, நகம் அளவு வேகவைத்த கோழித்துண்டு. அதற்காகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்து வந்தால், ஃபிரிட்ஜ் திறந்ததற்குத்தான் கோழி கிடைத்தது என்று அது நினைத்துக்கொள்ளும். முன்கூட்டியே சட்டைப் பையில் வைத்திருங்கள். நனைந்த தாளில் ஒரு துண்டைப் புதுத் தாளின் அடியில் வைத்தால் வாசனையே இடம் காட்டும். வேறு இடத்தில் போயிருந்தால் வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். அமோனியா உள்ள திரவம் வேண்டாம், அதுவும் குட்டிக்கு மூத்திர வாடைதான்.

கொளத்தூர்: டீகப் (கோப்பை அளவு) பொமரேனியன் வாங்கினோம். 60 நாள் என்றார் கடைக்காரர். இன்று காலை நடுங்கிக்கொண்டு துவண்டு கிடக்கிறது. குளிர் என்கிறார் அப்பா.

தம்பி, மீதியை அப்புறம் படியுங்கள். கொஞ்சம் தேனோ சர்க்கரைக் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். துணியில் சுற்றிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

இப்போது காரணம். இந்த அளவுக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பே கிடையாது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் காலை வரை வெறும் வயிறாக இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். நடுக்கம், தள்ளாட்டம், கடைசியில் வலிப்பு. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், படுக்கப்போகும் முன்பும் ஒரு வாய்.

குட்டி தேறியதும் வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரம் ஆகியிருந்தால் பால்பற்கள் 28ம் ஏறக்குறைய வந்திருக்கும். கடைவாயில் வெறும் ஈறுதான் என்றால் கடைக்காரர் கணக்கு தப்பாக இருக்கலாம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். அப்புறம், டீகப் என்று ஓர் இனமே கிடையாது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி, இல்லாவிட்டால் நோஞ்சான் குட்டி. அதற்குக் கூடுதல் விலை. தடுப்பூசி அட்டை கொடுத்தார்களா?

தண்டையார்பேட்டை: எப்போது பீச்சுக்குக் கூட்டிப்போகலாம்?

தடுப்பூசி அட்டையில் உள்ள ஊசிகள் எல்லாம் முடிந்த பிறகு. இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், இப்போதே பழகிக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப்பேதியும் வரவைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெரு நாய் போன இடத்தை உங்கள் செருப்பு மிதித்தாலே வீட்டுக்கு வந்துவிடும். பினாயிலை நம்பாதீர்கள், ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் தரையில் ஊற வேண்டும். காயும் வரை குட்டி அந்தப் பக்கம் வரக்கூடாது.

ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அதனால் 16 வாரம் ஆனபிறகு ஒன்று விழுந்தால்தான் நிம்மதி. 90 நாளில் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள். அதற்காக நாலு மாதம் அறையில் பூட்டி வைக்காதீர்கள். பயம் தெளியும் வயது அதுதான். தோளில் தூக்கிக்கொண்டு எம்.சி. ரோடு இரைச்சல், ஆட்டோ ஹாரன், மீன்காரம்மா குரல் எல்லாம் காட்டுங்கள். கால் மட்டும் தரையில் படக்கூடாது.

காசிமேடு: என்னாம்மா இவ்வளவு பத்தியம்? மீன் தலையும் சோறும் தின்ற எங்க வீட்டு நாய் 12 வருஷம் இருந்தது.

இருந்தது சரி அண்ணே. கூடப் பிறந்த குட்டிகளில் எத்தனை இருந்தன? பிழைத்ததை மட்டும்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். அது நாட்டு நாய், உங்கள் புதுக் குட்டி ஒன்றரைக் கிலோ. வஞ்சிர முள் ஒன்று போதும்.

காசிமேடு: மத்தி முள்ளு குக்கரில் மாவாயிடும், தெரியுமா?

தெரியும், ஒத்துக்கொள்கிறேன். விரலால் நசுக்கி மாவாகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பச்சை மத்தி வேண்டாம். அதிலிருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். கருவாடு கூடவே கூடாது, உப்பு.

திருவொற்றியூர்: பாக்கெட் தீனிதான் நல்லது என்று சொல்ல வருகிறீர்கள். கம்பெனியில் கமிஷனா?

கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், எவனும் கொடுக்கவில்லை. சோறும் கோழியும் மட்டும் தின்னும் குட்டிக்குக் கால்சியம் போதாது, வளரும் கால் வளைந்துவிடும். குட்டிகளுக்கான பாக்கெட் தீனியில் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் இருக்கின்றன. அவ்வளவுதான் என் கட்சி.

காசிமேடு: மீன் முள்ளிலேயே கால்சியம் இருக்கே!

இருக்கிறது. இந்த ரவுண்டு உங்களுக்கு. அளவு தெரியாமல் போடுவதுதான் சிக்கல்.

சௌகார்பேட்டை: நாங்கள் சைவம். பருப்பு சாதம், தயிர், ரொட்டி போதாதா?

நாய் சைவத்தில் வாழும், பருப்பு சாதத்தில் மட்டும் வாழாது. சைவத் தீனியே பாக்கெட்டில் கிடைக்கிறது. வளரும் குட்டிக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். சைவமோ அசைவமோ, எல்லோரும் கேளுங்கள்: வெங்காயம், பூண்டு கூடாது, ஆகவே பிரியாணிச் சோறும் கூடாது. பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஈட்டியாக உடையும்.

திருவொற்றியூர்: அந்தக் காலத்தில் எந்த நாய் பாக்கெட் தின்றது?

அந்தக் காலத்தில் தண்டையார்பேட்டையில் எந்த நாய் ஷிட்சுவாக இருந்தது? சாப்பாட்டுப் பஞ்சாயத்து இத்தோடு முடிந்தது. அடுத்தவர்.

பெரம்பூர்: கணுக்காலைக் கடித்துக் குதறுகிறது. பல் ஊசி மாதிரி.

காலை இழுத்தால் அதற்கு விளையாட்டு. மரம் போல நின்றுவிடுங்கள். விடவில்லை என்றால் அறையை விட்டு அரை நிமிடம் வெளியே போங்கள். நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த துணியைக் கடிக்கக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஆறு ஏழு மாதத்தில் பல் மாறி முடியும். அப்போதும் பால்பல் விழாமல் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறு இனங்களில் இது சகஜம்.

எருக்கஞ்சேரி: மொத்தம் எத்தனை ஊசி?

தண்டையார்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராயபுரம்: குட்டிதானே, விளையாட்டில் என் பையன் கையைக் கீறிவிட்டது. லேசாக ரத்தம். வெறிநோய் ஊசி இன்னும் போடவில்லை.

குட்டிதானே என்ற வார்த்தையை விடுங்கள். எந்த வயது நாய்க்கும் வெறிநோய் (ரேபிஸ்) வரலாம். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். இன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை ஊசி என்று அவர்கள் சொல்வார்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, பிறகு மருத்துவர் குறிக்கும் தேதிகளில்.

மணலி: பக் குட்டியோடு சாயங்காலம் நாலு மணிக்கு நடக்கலாமா?

மே மாதத்திலா? உள்ளங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். சப்பை மூக்குக்கு விடியற்காலைதான்.

மாதவரம்: கழுத்தில் சலங்கை கட்டிப் பட்டை போட்டிருக்கிறோம். இழுத்தால் இருமுகிறது.

சிறு இனங்களுக்கு மூச்சுக்குழல் பலவீனம். பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். இருமல் நிற்காவிட்டால் காட்டுங்கள். சலங்கை யாருக்கு?

புளியந்தோப்பு: நேற்று ராத்திரியிலிருந்து வாந்தி, பேதியில் ரத்தம். என்ன மாத்திரை கொடுக்கலாம்? ஊசி எதுவும் போடவில்லை.

எதுவும் கொடுக்காதீர்கள், மனிதருக்கான மாத்திரை ஒன்றுகூட. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இப்போதே ஆட்டோ பிடியுங்கள். பார்வோவாக இருக்கலாம் என்று வாசலிலேயே சொல்லுங்கள், மற்றக் குட்டிகளோடு வரிசையில் உட்காராதீர்கள்.

கொருக்குப்பேட்டை: எப்போது வெளியே கூட்டிப்போகலாம்?

அட்டை. அட்டை. அட்டை.

கொளத்தூர்: தேன் தடவினேன், எழுந்து உட்கார்ந்தது. டாக்டர் சர்க்கரை குறைவு என்றுதான் சொன்னார். அக்கா, கடைவாயில் பல் இல்லை.

அப்படியானால் 60 நாள் ஆகாமல் இருக்கலாம். இன்று இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் அலாரம் வைத்து ஊட்டுங்கள். நாளைக்கு ரசீதோடு கடைக்குப் போங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.