தள்ளிப்போடத் தெரிந்தவனுக்கு ‘புட் ஆஃப்’ என்றால் பயமா?

கேள்வி: அரசு அலுவலகத்தில் 36 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பேரன் பிளஸ் டூ படிக்கிறான். பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி வகுப்பில் 500 ‘ஃப்ரேசல் வெர்ப்’ (வினையோடு ஆன், ஆஃப், அப் என்று ஒரு சிறு சொல் ஒட்டிவரும் ஆங்கிலத் தொடர்) கொண்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, நாளுக்குப் பத்தாக மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது. போன வாரம் ‘மழையால் தேர்வைத் தள்ளிப்போட்டார்கள்’ என்பதற்கு ‘புட் அவுட்’ என்று எழுதிவைத்திருக்கிறான். என் சர்வீஸில் இவற்றில் ஒன்றைக்கூட நான் பயன்படுத்தியதில்லை. ‘போஸ்ட்போன்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு? பையன் நல்ல மதிப்பெண்ணோடு பாஸ் அவுட் ஆனால் போதும்.
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: ஒன்றைக்கூடப் பயன்படுத்தியதில்லையா அண்ணாச்சி? ‘அந்த ஃபைலைப் புட் அப் பண்ணுங்கள்’ என்று 36 ஆண்டுகளில் ஒரு மேலதிகாரியும் உங்களிடம் சொல்லவில்லையா? யாரிடமும் நீங்கள் விண்ணப்பத்தை ‘ஃபில் அப்’ செய்துவரச் சொல்லவில்லையா? இந்த இரண்டும் இல்லாமல் கொக்கிரகுளம் வட்டாரத்தில் ஓர் அலுவலகமாவது நடந்திருந்தால் தெரிவியுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் ஏறிய பஸ்ஸில் நடத்துநர் ‘ஹோல்டான்’ என்று குரல் கொடுத்திருப்பாரே, அது ‘ஹோல்ட் ஆன்’தான். மருத்துவமனையில் செக்கப், கல்யாண வீட்டில் மேக்கப், காவல் நிலையத்தில் லாக்கப், சட்டமன்றத்தில் வாக் அவுட், தேர்தல் வந்தால் வண்ணாரப்பேட்டையில் கட் அவுட். எல்லாம் இந்த வகை வினையாகப் பிறந்து, பெயராக மாறி, நம் திண்ணையில் உரிமையோடு ஏறி உட்கார்ந்தவை. (பெயராக வரும்போது ஆங்கிலேயர் முன்பாதியை அழுத்திச் சொல்வார்கள். வினையாக வரும்போது அழுத்தம் பெரும்பாலும் பின்பாதிக்குப் போய்விடும். பேரனுக்கு இதைச் சொல்லுங்கள், நோட்டு சொல்லியிருக்காது.)

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ‘புட் அவுட்’ என்றால் தீயையோ விளக்கையோ அணைப்பது. பையன் தேர்வையே அணைத்துவிட்டான். மழை பெய்ததால் அணைந்திருக்கும் என்று நாம் சமாதானம் செய்துகொள்ளலாம்; ஆனால் குற்றம் அவனுடையது அல்ல. அந்த நோட்டில் புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அப், புட் அவே, புட் டவுன் எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும், பந்தயமே கட்டலாம். ஒரே ஜாடையுள்ள அண்ணன் தம்பி ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, அரை நிமிடம் காட்டிவிட்டு, மறுநாள் பெயர் கேட்டால் நீங்கள் சரியாகச் சொல்வீர்களா?

ஆங்கில அகராதிக்குப் பேர்போன சாமுவேல் ஜான்சனே 1755ல் தம் அகராதியின் முன்னுரையில் இதை ஒப்புக்கொண்டார். வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளைத் திருப்பிவிடும் இந்தப் பழக்கம் அந்நியருக்கு மிகப் பெரிய சிரமம் என்பது அவர் கருத்து. அப்போது இதற்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. 1925ல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய பிறகுதான் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது.

அந்நியருக்குச் சிரமம், சரி. இந்த விஷயத்தில் நாம் அவ்வளவு அந்நியரா என்பதுதான் என் சந்தேகம். ‘காட்டு’ தெரியும், ‘கொடு’ தெரியும். இரண்டையும் சேர்த்துக் ‘காட்டிக்கொடு’ என்றால் துரோகம் என்று எந்த அகராதியை வைத்து ஊகிப்பது? ஆனால் கயத்தாறு வழியாகப் போகும்போது, காட்டிக்கொடுக்கப்பட்ட கட்டபொம்மனை 1799ல் தூக்கிலிட்ட இடம் இது என்று தாத்தா கதை சொன்னால், அந்தக் கதைக்குள்ளேயே சொல்லின் பொருள் பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. யாரும் அதற்கு நோட்டுப் போட்டுத் தரவில்லை. 1838ல் சென்னையில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பாதிரியார் கால்டுவெல், 1841ல் இடையன்குடிக்கு வந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அங்கே இருந்தார். நம் ‘கண்டுபிடி’யும் ‘கண்டுகொள்’ளும் ‘விட்டுக்கொடு’வும் ‘தீர்த்துக்கட்டு’ம் அவருக்கு முன்னால் எப்படி வந்து நின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளை ‘புட்’டைப் பார்த்து முழிப்பது போலத்தானே எந்த வெள்ளைக்காரரும் நம் ‘கொடு’வைப் பார்த்து முழிக்கவேண்டும்?

‘போடு’ என்பதுதான் ‘புட்’. ‘தள்ளிப்போடு’ என்றால் ‘புட் ஆஃப்’. இரண்டும் பக்கத்து வீடு. ‘பார்’ என்றால் ‘லுக்’. ‘பார்த்துக்கொள்’ என்றால் ‘லுக் ஆஃப்டர்’. சிறுவயதில் நான் இதைப் பின்னால் திரும்பிப் பார்ப்பது என்று நினைத்து, ‘என் பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்’ என்று மொழிபெயர்த்து அடி வாங்கியிருக்கிறேன். ‘விட்டுக்கொடு’, ‘கிவ் இன்’: இரண்டிலும் கொடுப்பது இருக்கிறது. பனங்கிழங்கை ஒருவன் ‘தின்றான்’ என்றால் வெறும் ‘ஈட்’. ஒரு கட்டு முழுவதையும் ‘தின்றுதீர்த்தான்’ என்றால் ‘ஈட் அப்’. அங்கே ‘அப்’ மேலே போகவில்லை, மிச்சம் வைக்காமல் முடிக்கிறது. நம் ‘தீர்’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பல இடங்களில் அந்த ‘அப்’ செய்கிறது. நாம் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். அவர்கள் மேல், வெளி, அப்பால் என்று இடம் காட்டும் ஒரு துணுக்கை ஒட்டுகிறார்கள்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடாது. ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் ‘புட் இட் ஆஃப்’ என்று நடுவில் நுழைக்கவேண்டும், ‘புட் ஆஃப் இட்’ என்றால் தவறு. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ பிரியாது, ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே வரும். இதைக் கேட்டு மிரளவேண்டாம். ‘தேர்வைத் தள்ளித்தான் போட்டார்கள்’ என்று நாமும் நடுவில் ஒரு ‘தான்’ செருகுகிறோமே.

‘போஸ்ட்போன்’ நல்ல சொல்தான், கடிதத்தில் இருக்கட்டும். வீட்டம்மாவிடம் ‘நமது தென்காசிப் பயணம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் பேரன் ‘டாலரேட்’, ‘போஸ்ட்போன்’ என்றே பேசினால் புரியும், அறிக்கை வாசிப்பது போலவும் இருக்கும். எதிரே இருப்பவர் ‘புட் அப் வித்’ என்று சொல்லும்போது அது ‘பொறுத்துக்கொள்’ என்று பிடிபடாமல் விழிப்பதுதான் பெரிய நஷ்டம்.

ஆகவே நோட்டை மூடச் சொல்லுங்கள். அவனுடைய ஒரு நாளை எடுத்துக்கொள்ளட்டும். கண்விழிப்பது ‘வேக் அப்’, பாயை விட்டு எழுவது ‘கெட் அப்’. பிளஸ் டூ பையனுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஓடும், அதனால் மறக்காது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறுவது ‘கெட் ஆன்’, காரிலும் ஆட்டோவிலும் ஏறுவது ‘கெட் இன்’. வீட்டில் காபித்தூள் தீர்ந்துபோனால் ‘ரன் அவுட் ஆஃப்’. ஆங்கிலப் பத்திரிகையின் கிரிக்கெட் பக்கத்தைத் தினமும் படிக்கச் சொல்லுங்கள். மழையால் ஆட்டம் ‘கால்ட் ஆஃப்’ ஆன செய்தியை ஒருமுறை வயிற்றெரிச்சலோடு படித்தவன் அதற்கு ‘ரத்து’ என்று தனியாகப் பொருள் எழுதவேண்டியதில்லை. வாரத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் தன் வீட்டு விஷயத்தில் ஒரு வாக்கியம் எழுதட்டும், நீங்கள் வாசித்துத் திருத்துங்கள்.

திருத்தும்போது கவனம். படிவத்தை நிரப்புவது இங்கிலாந்தில் இன்று ‘ஃபில் இன்’, அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’. ‘ஃபில் அப்’ நம் அலுவலக வழக்கு. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் வரும் ‘பாஸ் அவுட்’டும் அப்படித்தான். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு இங்கிலாந்தில் அந்தச் சொல் உண்டு. மற்றவர்களுக்கு அதன் பொருள் மயங்கி விழுவது. பேரனுக்கு வெறும் ‘பாஸ்’ போதும்.